சறுக்கும் சக்கரமும் மலைநாட்டுப் பாதையும்

தாழ்நாட்டிலிருந்து கண்டி மாநகருக்கு வரும் பாதை எதுவாயினும் அது மலையேறியே வருதல் வேண்டும். கொழும்பிலிருந்து வருவோர் கடுகண்ணாவைக் கணவாயில் ஏறுகின்றனர். குருநாகலிலிருந்து வருவோர் கலகெதரைப் பக்கமாக ஏறுகின்றனர். மகியங்கனையிலிருந்து வருவோர் ஹசலக்கைக்கு மேலே, பதினெட்டு வளைவுகள் என்று பெயர்பெற்ற மலைச்சரிவைக் கடந்து வருகின்றனர். நுவரெலியாவிலிருந்து வருவோரோ, றம்பொடை, புசல்லாவை, கம்பளை ஆகிய ஊர்களின் வழியே தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி இறங்குகின்றனர். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வளைவுக்குத் தப்ப வழியில்லை.

இப்பாதைகளுள் முதன்மையான கொழும்பு–கண்டிப் பாதை, தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில், 1820ஆம் ஆண்டையடுத்து அமைக்கப்பட்டது. அதனை அமைத்த கப்டன் டோசன் 1829இல் காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. குடைந்த பாறையின் ஊடாகச் செல்லும் பழைய வழியையும் அங்கே காணலாம். அதே 1832இல் இப்பாதையில் குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. காளையும் குதிரையும் மூச்சுத் திணறாமல் ஏறுவதற்கென வகுத்த வளைவுகளில், பிற்காலத்தே மோட்டார் வண்டிகள் ஓடத் தலைப்பட்டன. பாதை அகன்றது, தார் பூசப்பெற்றது, ஆயினும் மலையின் வடிவம் மாறவில்லை. ஆதலின், கண்டியிலே மோட்டார் ஓட்டப் பழகும் ஒருவர் முதலிற் கற்கவேண்டிய பாடம் வளைவே.

வளைவிலே சக்கரம் சறுக்குமோ என்று அஞ்சுவோர் ஒரு சாரார். சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, வண்டியைப் பக்கவாட்டில் வழுக்கிச் செல்லச் செய்து, அதனையும் தம் வசத்தில் வைத்திருக்க விரும்புவோர் மற்றொரு சாரார். இப்பின்னையதே ‘டிரிப்ட்’ என்று உலகெங்கும் இளைஞர் சொல்லும் கலை. அஞ்சுவோருக்கும் விரும்புவோருக்கும் முதற்பாடம் ஒன்றே. தரையை டயர் எவ்வாறு பற்றுகிறது, எப்பொழுது அப்பற்றுதலை விடுகிறது என்பதே அது. இதனை அறியாமல் டிரிப்ட் பழக முற்படுவோர் ஆபத்தை விலைக்கு வாங்குகின்றனர். இதனை அறியாமல் சாதாரணமாக ஓட்டுவோரும் அதே ஆபத்தை அறியாமலே சுமந்து செல்கின்றனர்.

ஒரு மோட்டார் காரின் எடை ஏறத்தாழ ஆயிரம் கிலோகிராம் எனக் கொள்வோம். அவ்வளவு பாரமும் தரையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டுமே. ஒவ்வொன்றும் மனிதனின் உள்ளங்கை அளவினது. இந்நான்கு உள்ளங்கைகளின் பிடியைக் கொண்டே வண்டி ஓடவும், நிற்கவும், திரும்பவும் வேண்டும். எஞ்சின் எத்துணை வலியதாயினும், பிரேக் எத்துணைக் கூர்மையாயினும், அவற்றின் ஆற்றல் தரையைச் சென்றடைவது இவற்றின் வழியாகவே.

இப்பிடியை ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்துக்கு ஒப்பிடலாம். சம்பளம் ஒன்றே, செலவுகள் மூன்று. வேகத்தைக் கூட்டுதல் ஒரு செலவு. வேகத்தைக் குறைத்தல் ஒரு செலவு. திரும்புதல் ஒரு செலவு. முழுச் சம்பளத்தையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திரும்புவதற்குக் காசு இராது. முழுவதையும் திரும்புதலுக்கே கொடுத்துவிட்டால் பிரேக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. வளைவின் நடுவே திடுக்கிட்டுப் பிரேக்கை அழுத்தும் சாரதி, கையில் இல்லாத காசைச் செலவிட முனைகின்றார். அக்கணமே டயர் தரையை விடுகிறது. வண்டி திரும்ப மறுத்து, தான் சென்றுகொண்டிருந்த திசையிலேயே நேராகச் செல்கின்றது.

இங்கே இன்னோர் உண்மையையும் மனத்திற் கொள்ளவேண்டும். உருளும் டயர் தரையைப் பற்றும் அளவுக்கு, வழுக்கும் டயர் பற்றுவதில்லை. பாரமான பெட்டி ஒன்றைத் தரையிலே தள்ளிப் பார்த்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். அசையாத பெட்டியை அசைப்பதற்கு மிகுந்த பலம் வேண்டும். அசைந்துவிட்டால் அதனினும் குறைந்த பலமே போதும். சறுக்கத் தொடங்கிய வண்டி நிற்காமல் மேலும் மேலும் சறுக்குவதற்குக் காரணம் இதுவே. பிடியைக் காப்பது எளிது. இழந்த பிடியை மீட்பது அரிது.

வேகம் இச்சம்பளத்தை எவ்வாறு கரைக்கின்றது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மலைப்பாதையின் கூரிய வளைவொன்றின் ஆரை 20 மீற்றர் எனக் கொள்வோம். தரை உலர்ந்திருந்து டயரும் நல்லதாயின், மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர் வேகம் வரையில் வண்டி அவ்வளைவைச் சுற்றமுடியும். அதே வளைவு மழையில் நனைந்திருப்பின் அவ்வெல்லை ஏறத்தாழ 32 கிலோமீற்றராகக் குறைகின்றது. ஈரத்தில் 30 கிலோமீற்றர் வேகத்தில் அதனைச் சுற்றும் வண்டி, தன் பிடியில் பத்தில் ஒன்பது பங்கைத் திரும்புவதற்கே செலவிட்டுவிடும். அவ்வேளையில் எதிரே ஒரு பஸ் வண்டி தோன்றினால், பிரேக்குக்கு மிஞ்சுவது சிறு தொகையே. வேகத்தை 20 கிலோமீற்றராகக் குறைத்தவருக்கோ, பாதிக்கு மேற்பட்ட பிடி கைவசம் இருக்கின்றது. பத்துக் கிலோமீற்றர் வேறுபாடு, கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வேகம் இருமடங்காகும்போது, வளைவில் வண்டியை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகின்றது என்பதே இயற்கையின் விதி.

பிரேக் பிடித்து நிறுத்தும் தூரமும் அவ்விதியையே பின்பற்றுகின்றது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி, உலர்ந்த சமதரையில் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடி நிற்கும். ஈரத்தில் அதே வண்டிக்கு 25 மீற்றர் வரை தேவைப்படும். ஆபத்தைக் கண்ணாற் கண்டு காலால் பிரேக்கைத் தொடுவதற்குச் செல்லும் கணநேரத்தில் வண்டி ஓடிவிடும் தூரம் இதனுள் அடங்காது. அதுவும் சமதரைக் கணக்கே. கடுகண்ணாவையிலோ றம்பொடையிலோ இறக்கத்தில் வரும் வண்டிக்கு இன்னும் அதிக தூரம் வேண்டும்.

கண்டி மலைநாட்டுத் தரையின் இயல்பு இக்கணக்கை மேலும் சிக்கலாக்குகின்றது. பல நாட்கள் வெயில் காய்ந்த பாதையில் தூசியும், வண்டிகளிலிருந்து சொட்டிய எண்ணெயும், தேய்ந்த டயரின் றப்பர்த் துகளும் படிந்திருக்கும். முதல் மழைத்துளிகள் விழுந்தவுடன் இவை யாவும் குழைந்து சவர்க்கார நுரைபோல் வழுக்கும். பெருமழை நன்றாக அடித்துக் கழுவியபின் தரை ஓரளவு நல்ல பிடியைத் தருகின்றது. ஆகவே, மழை தொடங்கிய முதற் சில நிமிடங்களே மிகவும் அஞ்சத்தக்கவை. இஃதன்றி, வெயில் படாத மலையோர வளைவுகளில் பாசி படர்ந்திருக்கும். மண்மேடுகளிலிருந்து செம்மண் கரைந்து பாதையில் வழியும். மரநிழல்களில் நனைந்த சருகுகள் ஒட்டிக் கிடக்கும். இவை ஒவ்வொன்றும் பிடியைக் களவாடும் கள்வர்களே. காலையில் நன்றாகச் சுற்றிய வளைவு, மாலையிலும் அப்படியே இருக்கும் என்று நம்புதல் மலைநாட்டில் தகாது.

இனி, சறுக்கல் எத்தனை வகை என்று பார்ப்போம். முன்சக்கரங்கள் பிடியை இழப்பது ஒருவகை. பின்சக்கரங்கள் பிடியை இழப்பது மற்றொரு வகை. முன்சக்கரங்கள் வழுக்கினால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது; வளைவின் வெளிப்புறமாகவே செல்லும். இலங்கையில் வண்டிகள் பாதையின் இடப்புறமாகச் செல்வதால், இடப்பக்கம் திரும்பும் வளைவில் இவ்வாறு நேர்ந்தால், வண்டி எதிரே வருவோரின் பாதைக்குள் நுழையும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நேர்ந்தால், பாதையின் இடது ஓரத்தைக் கடந்து வெளியே செல்லும். அவ்வோரத்தில் இருப்பது வடிகாலா, பள்ளத்தாக்கா என்பது அவ்வவ் விடத்தைப் பொறுத்தது. பின்சக்கரங்கள் வழுக்கினாலோ, வண்டியின் பின்புறம் வெளியே வீசப்பட்டு, முன்புறம் வளைவின் உட்பக்கமாகத் திரும்பிவிடும். கவனியாது விட்டால் வண்டி பம்பரம் போலச் சுழன்றுவிடும்.

எந்த வண்டி எவ்வாறு சறுக்கும் என்பது பெரும்பாலும் அதன் அமைப்பைப் பொறுத்தது. 1948 முதல் 1971 வரை ஆக்கப்பெற்று, இலங்கையில் இன்றும் அன்போடு பேணப்படும் மொறிஸ் மைனர் கார், எஞ்சினை முன்னே கொண்டு பின்சக்கரங்களால் உந்தப்படுவது. இத்தகைய வண்டியில், ஈரமான வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிகையாக அழுத்தினால் பின்புறம் வீசும். 1959இல் வெளிவந்த மினி கார் முன்சக்கரங்களால் இழுக்கப்படுவது. இக்காலத்துச் சிறு கார்களுட் பெரும்பாலானவை அவ்வழியையே பின்பற்றுகின்றன. இவற்றில், வேகம் மிகும்போது முன்சக்கரங்களே முதலில் பிடியை இழக்கும். தாம் ஓட்டும் வண்டியை எந்தச் சக்கரங்கள் உந்துகின்றன என்பதை அறியாத சாரதி, தாம் ஏறும் குதிரையின் குணத்தை அறியாதவரை ஒப்பர்.

சறுக்கல் நேர்ந்துவிட்டாற் செய்யவேண்டியவை யாவை? முன்சக்கரச் சறுக்கலில் புதியவர் செய்யும் முதற் பிழை, ஸ்டியரிங்கை இன்னும் கூடுதலாகத் திருப்புவது. சம்பளம் தீர்ந்துவிட்ட நிலையில் மேலும் கடன் கேட்பது போன்றது இது. செய்யத்தக்கது இதற்கு நேர்மாறானது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்கவேண்டும். ஸ்டியரிங்கைச் சிறிது நேராக்க வேண்டும். வேகம் குறைந்து முன்சக்கரங்கள் மீண்டும் தரையைப் பற்றியவுடன், பதறாமல் திருப்பவேண்டும். இவை யாவும் ஓரிரு விநாடிகளுள் நிகழவேண்டியவையாதலால், மனத்தில் முன்கூட்டியே பதிந்திருத்தல் அவசியம்.

பின்சக்கரச் சறுக்கலில், ஆக்ஸிலரேட்டரின் அழுத்தத்தைத் தளர்த்தி, பின்புறம் எத்திசையில் வழுக்குகின்றதோ அத்திசையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பவேண்டும். பின்புறம் வலப்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கும் வலப்பக்கம் திரும்பவேண்டும். பிரேக்கைத் திடீரென மிதிப்பதும், காலைப் படாரென எடுப்பதும் தீமையாகவே முடியும். ஏனெனில், அவ்வேளையில் பாரம் முன்சக்கரங்களின்மேற் சாய்ந்து, பின்சக்கரங்கள் இன்னும் இலேசாகிவிடும். வண்டி நேர்ப்படத் தொடங்கியவுடன் ஸ்டியரிங்கையும் விரைந்து நேராக்குதல் வேண்டும். இதிலே தாமதிப்போரே பெரும்பாலும் இரண்டாம் முறை விழுகின்றனர். முதற் சறுக்கலைத் திருத்திவிட்டோம் என்று மகிழுமுன், வண்டி எதிர்ப்பக்கமாக முன்னிலும் வேகமாக வீசப்படும்.

கண்ணுக்கும் இதிலே ஒரு கடமை உண்டு. ஆபத்து நேர்கையில் மனிதனின் கண் ஆபத்தையே நோக்கும். கண் நோக்கும் திசையிற் கையும் செல்லும். பள்ளத்தைப் பார்ப்பவர் பள்ளத்தை நோக்கியே ஓட்டுகின்றார். ஆகவே, வண்டி எங்கே செல்லக்கூடாதோ அங்கே பாராமல், எங்கே செல்லவேண்டுமோ அங்கே பார்க்கப் பழகுதல் வேண்டும். தேர்ந்த சாரதிகள் புதியவருக்குச் சொல்லும் அறிவுரைகளுள், கேட்க எளியதும் செய்ய அரியதும் இதுவே.

இக்காலத்து வண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் பிரேக் சாதனம் உண்டு. 1978இல் ஜேர்மனியிற் கார்களுக்கு வந்த இச்சாதனம், சாரதியின் கால் அழுத்தியபடி இருக்க, ஒரு விநாடியிற் பலமுறை பிரேக்கைத் தளர்த்தியும் இறுக்கியும் சக்கரத்தை உருளச் செய்கின்றது. இச்சாதனமுள்ள வண்டியில் பிரேக்கை உறுதியாக மிதித்தபடியே திரும்பலாம். இச்சாதனம் இல்லாத பழைய வண்டியில், சக்கரம் பூட்டிக்கொண்டது எனக் கண்டால், காலைச் சற்றுத் தளர்த்தி மீண்டும் அழுத்தவேண்டும். 1995 முதல், வண்டி சுழலத் தொடங்குவதை உணர்ந்து தனித்தனிச் சக்கரங்களுக்குப் பிரேக் இடும் சாதனமும் வழக்கில் வந்தது. இவை நல்ல காவலர்களே. ஆயினும், உள்ள பிடியைத் திறம்படப் பங்கிட அவற்றால் இயலுமேயன்றி, இல்லாத பிடியை உண்டாக்க இயலாது.

பிடி இழந்த வண்டியை மீட்கும் இத்திறமையை மேலும் ஒரு படி கொண்டு சென்று, பிடியை வேண்டுமென்றே இழந்து, இழந்த நிலையிலேயே வண்டியை நடத்துவது டிரிப்ட் கலை. பின்சக்கரங்கள் வழுக்கிக்கொண்டிருக்கும். முன்சக்கரங்கள் வளைவுக்கு எதிர்ப்புறமாகத் திரும்பியிருக்கும். வண்டி பக்கவாட்டில் சாய்ந்தபடியே வளைவைச் சுற்றும். சாரதி ஆக்ஸிலரேட்டரால் சறுக்கலின் அளவையும், ஸ்டியரிங்கால் அதன் திசையையும் ஆளுவார். பார்ப்போருக்கு அது கட்டுக்கடங்காத ஓட்டமாகத் தோன்றும். உண்மையில் அங்கே கையும் காலும் ஓயாது சிறு சிறு திருத்தங்களைச் செய்துகொண்டே இருக்கின்றன.

இக்கலை வளர்ந்த நாடு யப்பான். குனிமிட்சு தகாஹாஷி என்பவர் முதலில் மோட்டார் சைக்கிள் வீரராக விளங்கி, 1961இல் மேற்கு ஜேர்மனியில் நடந்த உலகப் போட்டியில் வென்று, அத்தகைய வெற்றி பெற்ற முதல் யப்பானியர் எனப் புகழ்பெற்றார். பின்னர் கார்ப் பந்தயத்துக்கு மாறி, 1970ஆம் ஆண்டையடுத்த காலத்தில், வளைவுகளில் வண்டியைச் சறுக்கவிட்டு வேகம் குன்றாமல் வெளியேறும் முறையைக் கையாண்டார். அதனைக் கண்டு கவரப்பட்ட கெயிச்சி சுச்சியா, தம் நாட்டு மலைப்பாதைகளிற் பழகி, அதனை ஒரு தனிக் கலையாகப் பரவச் செய்தார். இவ்விருவரும் 1995இல் பிரான்சின் லெமான் நகரில் நடைபெறும் 24 மணிநேரப் பந்தயத்தில் ஒரே வண்டியில் ஓட்டி, தம் பிரிவில் முதலிடம் பெற்றனர். அப்பந்தயத்தில் வெற்றியைத் தருவது சறுக்கல் அன்று. ஒரு பகலும் ஓர் இரவும் டயரைச் சிக்கனமாகக் காக்கும் பொறுமையே. சறுக்கலின் ஆசான்களாகிய இருவரும் பிடியின் அருமையையும் நன்கறிந்தவர் என்பதற்கு இதுவே சான்று.

யப்பானிய மலைப்பாதைகளில் இளைஞரிடையே பரவிய இவ்விளையாட்டு, 2001ஆம் ஆண்டளவில் மூடிய ஓடுதளங்களில் நடுவர் முன்னிலையில் நடைபெறும் முறையான போட்டியாக உருப்பெற்றது. 2017இல் சர்வதேச மோட்டார் சம்மேளனம் டோக்கியோவில் நாடுகளுக்கிடையிலான டிரிப்ட் போட்டியை நடத்தியது. மலைப்பாதையிற் பிறந்த கலை, மலைப்பாதையை விட்டு வெளியேறிய பின்னரே மதிப்புப் பெற்றது என்பதைக் கண்டி இளைஞர்கள் சிந்தித்துப் பார்த்தல் நலம்.

கண்டிப் பாதைகள் யப்பானிய மலைப்பாதைகளை ஒத்தவையாதலால், இங்கும் பழகிப் பார்க்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். டிரிப்ட் செய்யும் வண்டிக்குத் தன் அகலத்தினும் மிகுந்த இடம் வேண்டும். ஏனெனில் அது பக்கவாட்டிலே செல்கின்றது. நம் மலைப்பாதையிலோ பல இடங்களில் ஒரு பஸ்ஸும் ஒரு லொறியும் ஒன்றையொன்று கடப்பதற்கே ஒதுங்கவேண்டியிருக்கின்றது. வளைவுக்கு அப்பால் என்ன வருகின்றது என்பது தெரியாது. கொழுந்துக் கூடையோடு வீடு திரும்பும் பெண்களும், பள்ளிப் பிள்ளைகளும் நடப்பதற்குப் பாதையின் ஓரத்தைத் தவிர வேறிடம் இல்லை. இவர்களின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் கண்மூடித்தனமாக ஓட்டுவதைக் குற்றமாகவே கொள்கின்றது.

விரைந்து ஓட்டும் விருப்பத்துக்கு மலைநாட்டிலே முறையான வழி இல்லாமலில்லை. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கிய பழமையுடையது. அங்கே பொதுப் போக்குவரத்தை நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு வண்டியாக, நேரக் கணக்கின்படி ஏறுகின்றனர். ஆயினும், ஒழுங்குசெய்த போட்டியும் ஆபத்தற்றதன்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தின்போது, ஓடுதளத்தை விட்டு விலகிய ஒரு வண்டி பார்வையாளர்மேற் பாய்ந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். தேர்ந்த சாரதிகள், வகுத்த தளம், முன்னேற்பாடு ஆகிய யாவும் இருந்த இடத்திலேயே இத்துயரம் நேர்ந்தது. அவையொன்றும் இல்லாத பொதுப்பாதையில், இருளில், பழகாத கை வண்டியைச் சறுக்கவிட்டால் என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே, இக்கலையை உண்மையாகவே கற்க விரும்புவோர் முதலில் இடத்தைத் தேடவேண்டும். சமமானதாய், அகன்றதாய், சுவரும் மரமும் கம்பமும் பள்ளமும் அண்மையில் இல்லாததாய், பொதுமக்கள் நுழைய இயலாததாய் அவ்விடம் இருத்தல் வேண்டும். உரியவரின் அனுமதியும், அனுபவம் வாய்ந்த ஒரு பயிற்றுநரும், காயமுற்றால் உடனே உதவக்கூடிய ஏற்பாடும் இன்றியமையாதவை. பார்க்க வந்தவர்கள் வளைவின் வெளிப்புறத்தில் ஒருபோதும் நிற்கலாகாது. பிடி இழந்த வண்டி செல்லும் திசை அதுவே.

அடுத்தது வண்டி. பின்சக்கரங்களால் உந்தப்படும் எளிய, பாரமற்ற வண்டியே பழகுவதற்கு ஏற்றது. மிகுந்த ஆற்றலுள்ள எஞ்சின் புதியவருக்கு உதவியன்று, இடையூறே. முன்டயர்கள் புதியனவாகவும் நல்ல பிடியுடையனவாகவும் இருத்தல் வேண்டும். ஏனெனில் வண்டியின் திசையைக் காப்பவை அவையே. ஆசனப் பட்டியும் தலைக்கவசமும் கட்டாயம் வேண்டும். வண்டியினுள் உருளக்கூடிய போத்தலோ, கருவியோ, வேறெந்தப் பொருளோ இருத்தலாகாது. பிரேக் மிதியின் கீழ் உருண்டு சென்ற ஒரு சிறு போத்தல் போதும், பிரேக்கே இல்லாமற் செய்வதற்கு.

பயிற்சியும் படிப்படியாக அமைதல் வேண்டும். முதற்படி, நனைத்த தரையில் ஒரு கூம்பை நட்டு, அதனைச் சுற்றி வட்டமாக மெல்ல ஓட்டுதல். ஈரத்தரையிற் குறைந்த வேகத்திலேயே சறுக்கல் தோன்றுவதால், ஆபத்தும் குறைவு. டயரின் தேய்வும் குறைவு. வட்டத்தில் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரைச் சிறிது அழுத்தி, பின்புறம் விலகத் தொடங்கும் கணத்தை உணரவேண்டும். அதனை ஆசனத்தின் வாயிலாக உடலே அறிவிக்கும். உணர்ந்தவுடன் அழுத்தத்தைத் தளர்த்தி, ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்பி, வண்டியை நேராக்க வேண்டும். இதனை நூறு முறையேனும் செய்து, சறுக்கலை நிறுத்தக் கற்ற பின்னரே, அதனை நீடிக்கச் செய்யும் முயற்சிக்குச் செல்லவேண்டும். நீந்தப் பழகுவோர் கரையேறும் வழியை முதலில் அறிவது போன்றதே இது.

இரண்டாம் படி, முழு வட்டத்தையும் சறுக்கலிலேயே சுற்றிவருதல். இங்கே புதியவர்கள் ஆக்ஸிலரேட்டரை முற்றாக அழுத்துவர். அல்லது முற்றாக விடுவர். இரண்டும் வண்டியைச் சுழற்றும். வீணையின் தந்தியை மீட்டும் விரலைப்போல், கால் அளவறிந்து அசையவேண்டும். மூன்றாம் படி, இரு கூம்புகளை நட்டு எட்டின் வடிவில் ஓட்டுதல். ஒரு பக்கச் சறுக்கலிலிருந்து மறுபக்கச் சறுக்கலுக்கு மாறும் கணத்தில், வண்டியின் பாரம் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்குச் சாய்வதை இங்கே அறியலாம். கைப்பிரேக்கை இழுத்துப் பின்சக்கரங்களைப் பூட்டுதல், கிளச்சைத் தட்டிச் சறுக்கலைத் தொடங்குதல் போன்ற உத்திகள் அதற்குப் பிந்தியவை. அவற்றை முதல் நாளே கற்கத் துடிப்போர், எழுத்தறியுமுன் கவிதை புனைய முயல்வோரே. ஒவ்வொரு படியிலும் இடையிடையே நிறுத்தி, டயரையும் பிரேக்கையும் எஞ்சினின் சூட்டையும் பார்த்தல் வேண்டும். களைப்படைந்தவுடன் பயிற்சியை முடித்துவிடுதலும் பயிற்சியின் ஒரு பகுதியே.

இவ்வாறு பழகியவர்கள் பலர் ஒன்றை உணர்கின்றனர். சறுக்கலின் எல்லையை மைதானத்தில் அறிந்தபின், பாதையிலே அவ்வெல்லையை நெருங்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. எவ்வளவு விரைவில் பிடி போய்விடும் என்பதை அவர்களின் உடலே அறியும். எல்லையை அறியாதவரே அதனருகில் அஞ்சாது நடப்பர்.

டிரிப்டில் ஆர்வமில்லாத சாதாரணச் சாரதிக்கும் இவற்றிலிருந்து கொள்ளத்தக்கன சில உண்டு. வேகத்தை வளைவினுள்ளே குறைத்தலாகாது. வளைவை அடையுமுன் நேரான பாதையிலேயே குறைத்துவிட வேண்டும். பிரேக்குக்கு ஒரு செலவு, பின்னர் திரும்புதலுக்கு ஒரு செலவு என்று, இரண்டும் வேறு வேறு வேளைகளில் நிகழவேண்டும். நீண்ட இறக்கத்தில், அம்மலையை ஏறுவதற்குப் பயன்படும் கியரிலேயே இறங்குதல் நன்று. பிரேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறித் தன் வலிமையை இழக்கும். டயரின் தடங்கள் தேய்ந்திருப்பின், தேங்கிய நீரை வெளியேற்ற அவற்றால் இயலாது. டயர் நீரின்மேல் மிதந்துவிடும். தடத்தின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது என்று பல நாடுகள் விதித்துள்ளன. மழை மிகுந்த மலைநாட்டில் அவ்வளவுக்குத் தேயும்வரை காத்திராமல் மாற்றுவதே அறிவுடைமை. டயரின் காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறையேனும் பார்த்தல் வேண்டும். பார்வைக்கு எட்டாத வளைவுகளில் ஒலியெழுப்பி நெருங்குவதும், ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவதும் மலைநாட்டில் நெடுங்காலமாக நிலவும் நல்ல மரபுகள்.

மழைக்கால மாலையொன்றில் பேராதனைப் பக்கமிருந்தோ, தெல்தெனியப் பக்கமிருந்தோ கண்டி நோக்கி வரும் வண்டிகளைக் கவனித்தால், முன்னே செல்லும் வண்டியை முந்த முடியாமற் பொறுமையிழந்தோர் சிலரைக் காணலாம். ஒரு வளைவில் அவர்கள் மிச்சப்படுத்தும் நேரம் சில விநாடிகள். அவ்விநாடிகளுக்காக அவர்கள் செலவிடுவது, நான்கு உள்ளங்கைகளின் பிடியில் கடைசியாக எஞ்சியிருக்கும் பங்கு. அப்பங்கைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு ஓட்டுபவரே, சடுதியாகக் குறுக்கிடும் ஒரு பிள்ளைக்காக வண்டியை நிறுத்த வல்லவர். கண்டிப் பாதையில் ஓட்டப் பழகுவோர் அனைவரும் அடைய முயலவேண்டிய திறமை அதுவேயாகும்.